ஆர்மோனியப் பெட்டியும் 'ஆசிரியர்' என்ற சொல்லும்

'இசை ஆசிரியர்' என்றதும் நம் மனசில் கட்டமைக்கப்பட்டிருக்கும் பிம்பம் எது? ஓர் அறை, விரித்த பாய், வயலின், மாதாமாதம் கட்டணம். கல்வராயன் மலையடிவார ஊர்களில் கூத்துப் பழக்கும் வாத்தியார் இந்தப் பிம்பத்துக்கு வெளியே நிற்கிறார்.

அவர் கையிலிருக்கும் ஆர்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி தடை செய்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. கமகம் வராது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. யாருடைய காதுக்கு? விடிய விடியத் திறந்தவெளியில் பாடுகிற தொண்டைக்குச் சுருதி தாங்குகிற பெட்டி அது. சபைக்குக் குறையானது களத்துக்குப் பலமானது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் வழக்கமான ஏழு பாடங்கள்: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். ஆர்மோனியம் இல்லை. கூத்தில் பையன் முதலில் தாளம் தட்டுவான், பின்பாட்டுப் பாடுவான், அப்புறம்தான் கட்டையில் விரல் வைப்பான். ராத்திரிதான் வகுப்பு.

இதை 'வாய்மொழி மரபு' என்று கொண்டாடிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. சீடனின் கூலியில்லா உழைப்பும், பெண்ணுக்குப் பெரும்பாலும் கிடைக்காத இடமும் இதே மரபுக்குள்தான் இருக்கின்றன. பங்குனியிலிருந்து ஆடிவரை கூத்து. மிச்ச மாதங்களில் வாத்தியார் கழனிக் கூலி.

ஆக, கேள்வி மரபைக் காப்பது பற்றியதல்ல. கற்பிப்பது உழைப்பு என்றால் அதற்குக் கூலி உண்டா? பொன்னாடையைப் போர்த்திக்கலாம், ஐப்பசி மழையில் அடுப்பெரிக்க முடியுமா?