பகடைக்கு யார் வேடம் கட்டுவது?

கர்ண மோட்சம் கூத்தில் பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும் கர்ணன், அதற்கு முன்னால் ஜெயிக்க வேண்டிய ஆட்டம் ஒன்று இருக்கிறது. எதிரே நிற்பது அர்ச்சுனன் இல்லை, பெண்டாட்டி பொன்னுருவி. அவள் ராஜகுமாரி. தேரோட்டி வீட்டில் வளர்ந்து, துரியோதனன் தயவில் கிரீடம் வைத்துக்கொண்டவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தாய் யார், தகப்பன் யார் என்று தெரியாதவனிடம் என்ன பேச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வியாசர் அறியாத பெண் இவள். தமிழ்க் கதைப்பாட்டும் கூத்தும் வளர்த்த பாத்திரம்.

தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தின் ருசி தெரியும். புருஷன் பெண்டாட்டி சண்டை என்பதால் முன்வரிசையில் பாய் விரித்திருக்கும் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கோமாளி இரண்டு பக்கமும் தூபம் போடுவார். ஆனால் ஆட்டத்தை நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது கர்ணன் வேடக்காரரின் தோளை. கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கட்டையைக் கட்டிக்கொண்டு, அதுவரை களம் அதிர அடவு போட்டவர், பொன்னுருவி குலத்தைப் பேசும்போது என்ன செய்கிறார்? சுமாரான ஆட்டக்காரர் அங்கேயும் கிறுக்கி சுற்றுவார். நல்ல ஆட்டக்காரர் நிற்பார். தோள் ஒரு விரற்கடை இறங்கும், அவ்வளவுதான். பின்பாட்டுக்காரர்கள் தருப் பாட்டின் அடியை வாங்கித் திருப்பிப் பாடும் நேரம் வேடக்காரர் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான். அந்த நேரத்தை நடிப்பாக மாற்றுகிறவரே என் கணக்கில் முதல் தரம்.

பிறகு என்ன நடக்கிறது? கர்ணன் தன் பிறப்பைச் சொல்கிறான். குந்தி பெற்ற மூத்த பிள்ளை, சூரியன் கொடுத்த மகன். பொன்னுருவி கதறுகிறாள். சிக்கல் தீர்ந்தது. குலம் தாழ்ந்தவனைக் கட்டிக்கொண்டு அவள் எப்படி வாழ்வாள் என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே ஆட்டம் முடிந்துவிடுகிறது. அவன் தாழ்ந்தவனே இல்லை என்று நடுவர் கடைசி நிமிடத்தில் அறிவித்துவிட்டார்.

மதுரை வீரன் கூத்திலும் இதே உத்திதான், இன்னும் முன்கூட்டியே. காசிராஜன் மகன், மாலை சுற்றிப் பிறந்தான், நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்டான், செருப்புத் தைக்கும் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்த்தார்கள். இவ்வளவும் காதலி பொம்மி வருவதற்கு முன்பே களத்துக்குத் தெரியும். மழை ராத்திரியில் சின்னானுக்குப் பதில் காவலுக்குப் போன வீரன், பொம்மண நாயக்கர் மகள் பொம்மியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பார்க்கிறவர்களுக்கு உள்ளூரப் பயமில்லை. போகிறவன் ராஜா மகன்தானே! 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கவில்லை. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் மாமனார் குலத்தைக் கேட்டு அவமானப்படுத்தும் காட்சியை சிவாஜி எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனாலும், பிறப்பு ரகசியம் நமக்கு முதல் காட்சியிலேயே தெரிந்த விஷயம்.

மதுரை வீரன் கூத்தில் வீணாகப் போகும் பாத்திரம் சின்னான். பெரும்பாலும் கோமாளியே அந்த வேடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். பொம்மண நாயக்கருக்குக் கட்டை, திரைப் பிரவேசம், பெஞ்சு மேல் ஏறி நின்று விருத்தம். சின்னானுக்குத் தோளில் துண்டு. இரண்டு தகப்பன்கள் எதிரெதிரே நிற்கிறார்கள், ஒருவருக்குப் பாட்டு, இன்னொருவருக்குச் சிரிப்பு வசனம். கூத்துச் செட்டில் ஆள் குறைவு என்ற நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் துரியோதனன் சபைக்கு எத்தனை நெருக்கடியிலும் ஆள் கிடைத்துவிடுகிறது.

இப்போது தெற்கே போவோம். பாபநாசம் மலைக்குமேல், காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனுக்கு ஒரு சந்நிதி உண்டு. அவன் கதைதான் முத்துப்பட்டன் கதை. வில்லுப்பாட்டில் வாழ்வது. நா. வானமாமலை பதிப்பித்து 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் புத்தகமாக வெளியிட்டது. ஏழு அண்ணன் தம்பிகளில் கடைசிப் பிள்ளையான பிராமணன், வீட்டோடு முறைத்துக்கொண்டு கொட்டாரக்கரை ராஜாவிடம் வேலைக்குப் போனவன், அண்ணன்மார் அழைக்கத் திரும்பி வரும் வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகளைப் பார்க்கிறான். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள். பயந்து ஓடிய பெண்கள் தகப்பனிடம் சொல்ல, அவன் ஆயுதத்தோடு வருகிறான்.

வீரன் தூக்கிக்கொண்டு போனான். முத்துப்பட்டன் அப்படிச் செய்யவில்லை, தகப்பனிடம் பெண் கேட்கிறான். இது பெரியவர் பேசி முடிக்கும் கல்யாணம். பேசுகிற பெரியவர் பகடை. பிராமணனுக்குப் பெண் கொடுக்கும் வாய்ப்பு வந்ததே என்று அவன் காலில் விழவில்லை. நிபந்தனை போடுகிறான். குடுமியை எடுக்க வேண்டும், பூணூலைக் கழற்ற வேண்டும், தோல் வேலை கற்றுச் செருப்புத் தைத்துக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு. அண்ணன்மார் அடைத்து வைத்தும் தப்பி வந்து, முத்துப்பட்டன் அத்தனையும் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்று ராத்திரியே மாமனாரின் மாட்டைத் திருடர்கள் ஓட்டிப்போக, மாப்பிள்ளை மீட்கப் போய், ஜெயித்த பிறகு ஒளிந்திருந்தவன் கையால் சாகிறான். பெண்கள் இருவரும் சிதையேறுகிறார்கள். இந்தப் பின்பாதி வில்லுப்பாட்டுக்கு உயிர் என்று தெரியும். அலசலுக்கு எனக்கு முன்பாதி போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெளிநாட்டுக் கதை. இத்தாலிக்காரர் பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ 14ஆம் நூற்றாண்டுப் புத்தகம், நூறு கதை. நூறாவது கதையில் சலுட்ஸோ பிரபு ஒருவன் குடியானவன் மகள் கிரிசெல்டாவைக் கல்யாணம் செய்கிறான். ஊர் பார்க்க அவள் பழைய துணியைக் களைந்து புதுத்துணி உடுத்திக் கூட்டிப்போகிறான். அப்புறம் வருஷக்கணக்காக அவள் பொறுமையைச் சோதிக்கிறான். தகப்பன் சம்மதம் சொன்னதோடு சரி. சாசர் இதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னபோதும் பரீட்சை எழுதியது பெண்தான். முத்துப்பட்டன் கதையில் களைகிறவன் மேலே இருந்து வந்தவன். பரீட்சை வைப்பவன் கீழே இருப்பவன். உலகத்து மேல் கீழ்க் கல்யாணக் கதைகளில் இந்த ஒரு புள்ளிக்காகவே நம் கதைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

இதைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தவன் மட்டும்தான் என்று சொல்லும் பாடம் ஒன்றும் உலவுகிறது. பின்னால் வந்த இடைச்செருகல் என்பது வானமாமலையின் முடிவு. கர்ணனுக்கும் வீரனுக்கும் கிடைத்த அதே ரகசியத்தை இங்கேயும் செருகப் பார்த்திருக்கிறார்கள். செருகினால் பகடையின் நிபந்தனை செத்துவிடும், அவன் யாரோ பெற்ற பெண்ணுக்குக் காவல்காரன் ஆகிவிடுவான்.

எங்கள் பக்கத்துக் களத்தில் முத்துப்பட்டனை நான் பார்த்ததில்லை. ஆடினால் ஆள் எப்படிப் போடுவது? முத்துப்பட்டனுக்குக் கர்ணன் கட்டுகிறவரையே போடலாம். இந்திரனுக்குக் கவச குண்டலத்தைக் கொடுத்துப் பழகியவருக்கு, தன் மேலிருப்பதைக் களத்தில் வைத்துக் கழற்றுவது எப்படி என்று தெரியும். பூணூல் மெல்லிய பொருள், பத்தடி தள்ளி உட்கார்ந்தவருக்குத் தெரியாது. ஆகவே கழற்றும் வேகம் குறைய வேண்டும், மத்தளம் அடங்க வேண்டும், முகவீணை மட்டும் போகலாம். சகோதரிகள் இருவருக்கும் ஸ்திரீ பார்ட் ஆள் இரண்டு பேர் தேவைப்படும், அது செட்டுக்குச் செட்டு சிரமம்.

பகடையைத் துரியோதனன் கட்டுகிற ஆளுக்குக் கொடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டை வேண்டியதில்லை, ஆனால் திரைப் பிரவேசம் வேண்டும். திரைக்குப் பின்னால் நின்று முதல் விருத்தத்தை அதே சுருதியில் பாடிவிட்டு, திரை விலகும்போது துண்டோடு நிற்கட்டும். குரலுக்கும் கோலத்துக்கும் நடுவே உள்ள அந்த வித்தியாசமே பாதி வேலையைச் செய்துவிடும். நிபந்தனைகளை வசனமாகச் சொன்னால் கோமாளி நடுவில் புகுந்து சிரிப்பாக்கிவிடுவார். தருவாகப் பாடினால் பின்பாட்டு ஒவ்வொரு அடியையும் திருப்பிச் சொல்லும், ஊர் இரண்டு தடவை கேட்கும். அந்த நேரத்தில் மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு வாசிக்கக் கூடாது. அறிவிப்பு வந்தால் ஆட்டம் அறுந்துவிடும், கூத்து நடத்தியவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

தகப்பன் வேடத்தை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறாய் என்று கேட்கலாம். 2012 நவம்பர் 7ஆம் தேதி இதே தருமபுரி மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியிலும் அடுத்திருந்த குடியிருப்புகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. சாதி தாண்டி நடந்த ஒரு கல்யாணமும், அதைத் தொடர்ந்து பெண்ணின் தந்தை இறந்ததும் அதற்கு முன்னால் நடந்தவை. ஊரும் உறவும் சுற்றி நிற்க, ஒரு தகப்பன் என்ன பேசுவான் என்பதற்கு விடிய விடியப் பாடும் நம் கூத்தில் தரு இல்லை. பொம்மண நாயக்கருக்குப் படை திரட்டிப் போய்ச் சாக மட்டுமே தெரியும். சின்னானுக்குச் சிரிக்க வைக்க மட்டும். நின்று, யோசித்து, நிபந்தனை சொல்லி, பிறகு சம்மதிக்கிற தகப்பன் என்று தேடினால் எனக்குக் கிடைத்தவன் வாலப்பகடை ஒருவன்தான்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று பாக்கி. களரி சாமி இருக்கும் இடம். வேடக்காரர் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்குகிற மண். முத்துப்பட்டன் தைத்த செருப்பை மாமனார் கையில் கொடுக்கும் கட்டத்துக்குச் செருப்பு களத்துக்குள் வந்தாக வேண்டும். சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனுக்குக் காணிக்கையே செருப்புதான், சந்நிதியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இங்கே, சில தெருக்களில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன தாத்தாக்களின் பேரன்கள் உட்கார்ந்து பார்க்கும் களத்தில், அதை அனுமதிக்கலாமா என்று கூத்து வாத்தியாரும் கோயில் தர்மகர்த்தாவும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அட்டையில் செய்த செருப்பு வேண்டாம். பகடை வாங்கி மடக்கிப் பார்ப்பான், தையலை இழுத்துப் பார்ப்பான். மாப்பிள்ளைக்கு மதிப்பெண் போடும் இடம் அதுதான், தோல் தோலாகவே இருக்கட்டும்.