சூத்திரத் தாள் போதுமா?

இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ. கணிதத் தேர்வில் 2022 முதல் சூத்திரத் தாள் கொடுக்கிறார்கள். 2027 வரை அது தொடரும். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரமும் அதில் உண்டு. "இனிப் பயமில்லை, எண்களைப் போட்டால் விடை வந்துவிடும்" என்று லண்டனில் நம் டியூஷன் வகுப்புகளிலும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

காரணிப்படுத்த வராத சமன்பாட்டையும் சூத்திரம் தீர்க்கும். மனப்பாடச் சுமை குறைவதும் நல்லதே. இருபடிச் சமன்பாட்டுப் பாடமே தேவையா என்ற கேள்வி 2003இல் எழுந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர் டோனி மக்வால்டர் அதற்காக நாடாளுமன்றத்தில் விவாதம் கொண்டுவந்தார். பாடம் நிலைத்தது. ஆனால், அதன் உயிர் எங்கே இருக்கிறது?

ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் 6 மடங்கைக் கூட்டினால் 16. "பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற பழைய பாடம் இங்கே உதவாது. தெரியாத எண் இரண்டு இடத்தில் நிற்கிறது. எதை எங்கே நகர்த்தினாலும் அது தனியாகாது. முதலில் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அந்த எண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரையுங்கள். அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 3 அகலப் பட்டை ஒட்டுங்கள். மூலையில் 9 குறையும். இருபுறமும் 9 கூட்டினால் வலப்பக்கம் 25, பெரிய சதுரத்தின் பக்கம் 5, எண் 2. குறை எண்ணையும் ஏற்றால் -8 இன்னொரு விடை.

சூத்திரம் பிறந்தது இந்த மூலையில்தான். பின்னம் வராதபடி முதலிலேயே வர்க்கத்தின் கெழுவைப் போல் நான்கு மடங்கால் பெருக்கும் வழியை இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்னார். பாஸ்கரர் அதைத் தம் பீஜகணிதத்தில் எடுத்தாண்டார். கோல்புரூக் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1817இல் அந்நூல் இதே லண்டனில் அச்சேறியது. அவர்கள் விட்டுச் சென்றது ஒரு வழி. நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அதன் கடைசி வரியை மட்டும்.

விளைவைப் பாருங்கள். தொடக்க வேகம், முடுக்கம், நேரம் ஆகியவற்றால் தூரத்தைத் தரும் இயக்கச் சமன்பாட்டில் "நேரத்தை எழுவாயாக்கு" என்றால், எண்களே இல்லாததால் பிள்ளை திகைக்கிறது. முடுக்கத்துக்கும் 'ஏ', சூத்திரத்திலும் 'ஏ' என்று அப்படியே போட்டுவிடுகிறது. அங்கே வர வேண்டியது முடுக்கத்தில் பாதி. இந்தப் பிழையை எந்தத் தாளும் திருத்தாது. மெல்லக் கற்கும் பிள்ளைக்குச் சூத்திரம் போதும் என்பவர்கள், அந்தப் பிள்ளைக்குத்தான் பெரிய அநீதி செய்கிறார்கள்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, சூத்திரத் தாளைக் கையில் கொடுக்கும் முன் கட்டத்தாளில் அந்தச் சதுரத்தை ஒருமுறை வரையச் சொல்லுங்கள். குறையும் மூலையைப் பிள்ளையே நிரப்பட்டும்.