ஆறு ஷில்லிங் கணக்கு

1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரில், ஜார்ஜ் ஹோட்டலில், வடபகுதி ரக்பி கிளப்புகளின் ஆட்கள் கூடினார்கள். தகராறு ஆறு ஷில்லிங் பற்றியது. யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் உழைத்தவர்கள். ஆடப் போனால் கூலி போய்விடும். அந்த இழப்புக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் கொடுக்கலாம் என்றார்கள் வடக்கத்தியர். காசுக்காக ஆடுவது கௌரவக் குறைவு என்றது லண்டன் தலைமை. சொத்து உள்ளவர்களுக்கு அந்தக் கௌரவத்தைக் காப்பது சுலபம். 22 கிளப்புகள் பிரிந்துபோய்த் தனி ஆட்டம் கண்டன. அதுதான் ரக்பி லீக்.

கொழும்பிலும் கண்டியிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவது ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர்தான். பந்தை வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை பிடித்து வீழ்த்திவிட்டால் பந்து கை மாறும். கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு டேக்கிள் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். ஆனால் இங்கே எதிரே வருபவர் 100 கிலோ எடையுள்ளவர், ஓட்டத்தில் வருபவர். நடுக்களத்தில் ஆடும் முரட்டு ஆட்டக்காரர் 80 நிமிட ஆட்டத்தில் இப்படி 30, 40 டேக்கிள் போடுவது சாதாரணம்.

இதைப் பிழைப்பாகக் கொள்வது நல்ல ஏற்பாடுதானா? முதலில் அதன் பக்கம் நின்று பார்க்கலாம். பண விஷயத்தில் இந்த ஆட்டம் பெரிதாக நடித்ததில்லை. யூனியன் 1995 வரைக்கும் ‘அமெச்சூர்’ வேடத்தைக் கலைக்கவில்லை. லீக் அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே கூலியைக் கூலி என்று சொல்லிவிட்டது. அதனால் மேட்டுக்குடியைச் சேராதவர்களுக்கு இது கதவைத் திறந்தது. கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பிறந்த கறுப்பின இளைஞர் பில்லி பாஸ்டன் 1953இல் விகன் அணிக்கு வந்து, 15 ஆண்டுகளில் அந்த அணிக்காக மட்டும் 478 ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அடித்தார். அதே கார்டிஃபிலிருந்து வந்த கிளைவ் சல்லிவன் 1972இல் பிரிட்டன் அணித் தலைவராக உலகக் கோப்பையைத் தூக்கினார். பிரிட்டனில் எந்த விளையாட்டிலும் நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். இன்றும் ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டியில் ஏறத்தாழப் பாதிப்பேர் சமோவா, டோங்கா போன்ற பசிபிக் தீவுகளின் வழிவந்தவர்கள். மேற்கு சிட்னியின் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு இந்த ஆட்டம் ஓர் உத்தியோக வாய்ப்பு.

சம்பள உச்சவரம்பையும் இந்த வரவுப் பக்கத்தில்தான் எழுதுவார்கள். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் தரலாம் என்ற விதி அது. பணக்காரக் கிளப் எல்லோரையும் வாரிக்கொண்டு போகாமல் அது தடுக்கிறது. விதியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இரட்டைக் கணக்கு எழுதி மாட்டிய மெல்போர்ன் ஸ்டார்ம் அணியிடமிருந்து 2007, 2009 பட்டங்கள் இரண்டையும் 2010இல் பறித்துவிட்டார்கள்.

ஆனால் அதே விதியை ஆட்டக்காரரின் இடத்திலிருந்து படித்தால் வேறாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் இந்த வரம்பு ஏறத்தாழ 21 லட்சம் பவுண்டு. ஓர் அணியின் இரண்டு டஜன் பேருக்கு மேல் அதில் பங்குபோட வேண்டும். சில நட்சத்திரங்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்குக் கிடைப்பது பெரும் பணமல்ல. அதுவும் முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும் வேலைக்கு. அணிகளுக்கு இடையே சமநிலை வேண்டும் என்பது சரிதான். அதற்கான விலையை ஆட்டக்காரரின் சம்பளத்திலிருந்து எடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பணத்தைவிட ஆழமான கோளாறு இன்னொன்று: வலியைக் கொண்டாடும் பழக்கம். 1970 இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே தாடை உடைந்தும் முடிவுவரை களத்தைவிட்டுப் போகாத சவுத் சிட்னி தலைவர் ஜான் சாட்லர், ஆஸ்திரேலியாவில் கிட்டத்தட்டப் புராண நாயகர். 2014 இறுதியாட்டத்தில் அதே அணியின் சாம் பர்ஜஸ் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்து, அந்த முகத்தோடு முழு ஆட்டமும் ஆடி, சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தையும் வாங்கினார். வீரம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளரும் பதினாறு வயதுப் பையன், தலை சுற்றுகிறது என்று மருத்துவரிடம் வாய் திறப்பானா?

பர்ஜஸ் மோதிய தலை எதிரணியின் ஜேம்ஸ் கிரஹாமுடையது. ஓய்வுக்குப் பிறகு கிரஹாம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். தனக்கு நூறு முறைக்கு மேல் தலையில் அதிர்ச்சி ஏற்பட்டிருக்கும் என்பது அவரே சொன்ன கணக்கு. பாய்ட் கார்ட்னர் ஆஸ்திரேலிய அணிக்கே தலைமை ஏற்றவர்; தொடர்ந்த தலைக்காயங்களால் 2021இல், 29 வயதில், ஆட்டத்தை விட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தின் பாபி கோல்டிங், 49 வயதில் தனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்று அறிவித்து, ஆட்ட நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தவர்களோடு சேர்ந்தார். 2015இல் வடக்கு குவீன்ஸ்லாந்து அணிக்குப் பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர் பால் கிரீன் 2022இல், 49 வயதில் இறந்தார். அவரும் ஒருகாலத்தில் ஆடியவர். மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்ட மூளைகளில் காணப்படும் சி.டி.இ. சிதைவு முற்றிய நிலையில் இருந்தது.

நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆளை வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். மூளை அதிர்ச்சி உறுதியானால் என்.ஆர்.எல்.லில் 2023 முதல் பொதுவாக 11 நாள் ஆட முடியாது. நல்ல விதி. இன்று ஆடுபவர்களுக்கு.

நேற்று ஆடியவர்கள்? இங்கேதான் ராப் பரோ நினைவுக்கு வருகிறார். உயரம் 165 செ.மீ. இந்த ஆட்டத்துக்கு அவர் ஆகமாட்டார் என்று சொல்லாதவர் குறைவு. 2001 முதல் 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் என்ற ஒரே அணிக்கு ஆடி எட்டு முறை சூப்பர் லீக் பட்டம் வென்றார். 2011 இறுதியாட்டத்தில் அவர் அடித்த ட்ரையை இப்போது பார்த்தாலும் புல்லரிக்கும். மேலே சொன்ன அதே ஜேம்ஸ் கிரஹாமின் கைக்குக் கீழே குனிந்து நழுவி, பெரிய உடம்புகளைத் தாண்டி ஓடியது அது. ஓய்வுபெற்ற இரண்டே ஆண்டில், 2019 டிசம்பரில், மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. ஆட்டம்தான் அதற்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை.

சொல்ல வந்தது, அதன்பின் நடந்தது. அவருடைய பழைய அணித்தலைவர் கெவின் சின்ஃபீல்டு 2020 டிசம்பரில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். பரோவின் சட்டை எண் 7. திரட்ட நினைத்தது 77,777 பவுண்டு. சேர்ந்தது பத்து லட்சத்துக்கும் மேல். 2023 லீட்ஸ் மாரத்தானில் நண்பரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே ஓடி, எல்லைக்கோட்டருகே தூக்கிக் கைகளில் ஏந்திக் கடந்தார். பரோ 2024 ஜூன் 2 அன்று காலமானார், வயது 41. அந்த நட்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் ஒரு தொழிலை எடைபோடும்போது அந்த ஓட்டத்தை அதன் வரவில் எழுத எனக்கு மனம் வரவில்லை. 2014இல் கழுத்தெலும்பு முறிந்து 22 வயதில் சக்கர நாற்காலிக்கு வந்த அலெக்ஸ் மெக்கின்னனுக்கு வாழ்நாள் வேலை தருவதாக என்.ஆர்.எல். அறிவித்ததும் இதே ரகம். ஊரறிந்த பெயருக்கு மனிதர்கள் உருகுகிறார்கள். முப்பது ஆட்டம் ஆடி முழங்காலைப் பறிகொடுத்து ஊர் திரும்பியவனுக்காக யார் மாரத்தான் ஓடுவார்கள்?

2023 ஜூலையில் என்.ஆர்.எல். ஆட்டக்காரர்கள் சட்டையிலிருந்த லீக் சின்னத்தின் மேல் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு களமிறங்கினார்கள், ஊடகங்களிடமும் பேசவில்லை. ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனதற்கு எதிர்ப்பு அது. ஓய்வுபெற்றவர்களின் மருத்துவ உதவியும் அந்தப் பேச்சில் ஒரு பொருள். ஆகஸ்டில் உடன்பாடு வந்தது. ஜார்ஜ் ஹோட்டலில் கேட்டதைத்தான் அவர்களும் கேட்டார்கள். ஒரு நாள் கூலிக்குப் பதிலாகப் பிற்காலம் முழுவதற்கும். அதற்கு வழி இருக்கிறது. ஒளிபரப்பு உரிமையில் வரும் பணத்திலிருந்து, ஆடி முடித்தவர்களின் மருத்துவச் செலவை முதலில் எடுத்து வைக்க வேண்டும்; சம்பள உச்சவரம்பை மீதியில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.