‘டேக்’கும் ‘எடு’வும்

ஒரு சொல் பல பொருள் தருவதும், பல சொற்கள் ஒரு பொருளைக் குறிப்பதும் மொழிகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பாகும். தொல்காப்பியர் உரியியலில் இவ்விரண்டையும் கூறிச் சென்றார். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் 11ஆம் தொகுதி ஒரு சொல் பல பொருளுக்கென்றே அமைந்தது. திண்ணைப் பள்ளி மாணவர் அதனை மனப்பாடம் செய்தனர். அத்தகைய மரபில் வந்த நாம், இன்று ஓர் ஆங்கிலச் சொல்லின் முன் தடுமாறுகிறோம். அச்சொல் ‘டேக்’ என்பது.

இச்சொல் ஆங்கிலத்திற்கே வந்தேறிய சொல்லாகும். பழைய ஆங்கிலத்தில் இப்பொருளில் வழங்கியது ‘நிமன்’ என்பதே. ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்தில் குடியேறிய பின்னர், அவர்தம் ‘டாக்கா’ மெல்லப் பரவி அதனை வழக்கொழியச் செய்தது. சுறுசுறுப்பைக் குறிக்கும் ‘நிம்பிள்’ போன்ற சில சொற்களில் மட்டுமே பழஞ்சொல்லின் சுவடு எஞ்சியுள்ளது. ஏற்றலுக்கு ‘அக்செப்ட்’, பெறுதலுக்கு ‘ரிசீவ்’, பற்றிக் கவர்தலுக்கு ‘சீஸ்’ எனத் தனிச்சொற்கள் பிரெஞ்சு, இலத்தீன் வழியாக வந்து சேர்ந்தும், அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர் ‘டேக்’ என்பதையே பெரிதும் நாடுவர். அஃது அம்மொழியின் இயல்பு, குறையன்று.

குறை நம் கட்டுரை ஏடுகளில் உள்ளது. ‘தேர்வு எடுத்தேன்’, ‘மருந்து எடுத்தேன்’, ‘வேலை முடிய இரண்டு மணி நேரம் எடுத்தது’, ‘போட்டியில் பங்கு எடுத்தேன்’, ‘பேருந்து எடுத்துப் பள்ளிக்கு வந்தேன்’ என மாணவர் எழுதுகின்றனர். பேருந்தை எடுப்பவர் ஓட்டுநர். அவரன்றி வேறொருவர் எடுத்தால் காவல் நிலையத்தில் அன்றோ அமர நேரும்! தேர்வை எழுதுகிறோம், மருந்தை உட்கொள்கிறோம், வேலைக்கு நேரம் ஆகிறது, போட்டியில் பங்கு பெறுகிறோம், பேருந்தில் ஏறி வருகிறோம். தமிழில் ஐந்து செயலுக்கு ஐந்து வினை உண்டு. அவற்றைத் துறந்து ஒரே வினையால் ஒப்பேற்றுவது சிக்கனம் ஆகாது, வறுமையே ஆகும்.

எனினும் பிள்ளைகளை மட்டும் நொந்து பயனில்லை. நம் நாட்டில் அவர்கள் மும்மொழிச் சூழலில் வளர்கின்றனர். மலாயிலும் படம் பிடித்தல் ‘அம்பில் காம்பார்’. பங்கு பெறுதல் ‘அம்பில் பஹாகியான்’. இரு மொழிகள் ஒரே திசையில் இழுக்கும்போது இளம் உள்ளம் எவ்வாறு நிலைத்து நிற்கும்?

ஆசிரியராகிய நம் தவற்றையும் ஈண்டுச் சொல்லியாதல் வேண்டும். பல ஆண்டுகட்கு முன் ஒரு மாணவி, ‘ஊரார் அம்மனுக்கு விழா எடுத்தனர்’ என்று எழுதியிருந்தாள். ஆங்கில வாடை என்று கருதி, நான் அதனைச் சிவப்பு மையால் அடித்தேன். “எங்கள் பாட்டி இப்படித்தான் சொல்வார், ஐயா” என்றாள் அவள். பாட்டிக்கோ ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. அன்று இரவு அகராதியைப் புரட்டிய பின்னரே என் அறியாமை எனக்கு விளங்கிற்று. விழா எடுத்தல், கோயில் எடுத்தல், பிறவி எடுத்தல், பசி எடுத்தல், ஓட்டம் எடுத்தல் யாவும் தமிழ் வழக்கே. ‘எடு’ என்பதற்கும் பல பொருள் உண்டு. ஆனால் அவை ‘டேக்’ என்பதன் பொருள்களோடு முற்றும் ஒத்தவை அல்ல. மறுநாள் வகுப்பில் அவள் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

ஆகவே, ‘எடு’வைக் கண்ட இடமெல்லாம் களைவதும் பிழை, கண்ட இடமெல்லாம் நடுவதும் பிழை. வகுப்பில் ஓர் எளிய பயிற்சியைச் செய்து பார்க்கலாம். ‘டேக்’ வரும் பத்து ஆங்கிலத் தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, “இங்கே உண்மையில் நிகழும் செயல் யாது?” என்று மட்டும் வினவுக. மாணவர் சொல்லைப் பெயர்ப்பதை விட்டுச் செயலை நோக்குவர். அப்பொழுது பூவைக் கொய்தல், நீரை முகத்தல், மணலை அள்ளுதல், கிழங்கை அகழ்தல், பொறுப்பை ஏற்றல், விடை பெறுதல் எனத் தமிழ்வினைகள் தாமே வரிசையில் வந்து நிற்கும்.

பிறமொழி கற்பது அறிவுக்கு ஆக்கம். அதன் சொல்லமைப்பை அளவுகோலாக்கித் தமிழை அளப்பதுதான் கேடு. சிவப்பு மையைத் தொடுமுன் நாமும் ஒருமுறை அகராதியைத் தொடுவோமாக.