ஆறாம் வகுப்புக்கும் ஐந்தாம் படிவத்துக்கும் இடையே

தோட்டத்துப் பிள்ளைகள் இடைநிலைக் கல்வியை ஏன் முடிப்பதில்லை என்னும் கேள்விக்கு மலேசியத் தமிழரிடையே மூன்று விடைகள் வழங்கி வருகின்றன. ஒன்று அரசாங்க அறிக்கையிலிருந்து வந்தது. ஒன்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மற்றொன்று மேடையிலிருந்து வந்தது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களையும் அதனை அடுத்த சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர்ப் பகுதித் தோட்டங்களையும் மனத்தில் கொண்டு இவற்றை ஆராய்பவருக்கு, மூன்றும் ஒரே இடத்தைக் காணாமல் தாண்டிச் செல்கின்றன என்பது புலப்படும்.

முதல் விடை 1973-ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு வெளியிட்ட ஆய்வறிக்கை. முராட் பின் முகமட் நோர் தலைமையில் அமைந்த குழு ஆக்கியதாதலின் முராட் அறிக்கை என்றும், இடையில் பள்ளியை விட்டவர்களைப் பற்றியதாதலின் கெச்சிச்சிரான் அறிக்கை என்றும் அதனைச் சொல்வர். வறுமையும் நாட்டுப்புற வாழ்வும் வீட்டின் நிலையும் மாணவனைப் பள்ளியைவிட்டு வெளியே தள்ளுகின்றன என்பது அதன் சாரம். ஏழைப் பிள்ளை படிக்காமைக்கு அவனுடைய சோம்பலே காரணம் என்று எளிதாகப் பேசிவந்த நாளில், அரசாங்கமே முன்வந்து இவ்வாறு கூறியது பெருந்தொண்டு எனலாம். 1975-இல் பாடநூல் இரவல் திட்டம் தோன்றியதும் இத்தகைய ஆராய்ச்சியின் பயனே.

ஆனால் நல்ல அறிக்கையும் படிப்பவர் கையில் வேறு உருவம் கொள்வதுண்டு. அமெரிக்காவில் 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரை ஆராய்ந்து, மாணவர் அடைவில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மிகுதியாகச் செல்வாக்குச் செலுத்துகிறது என்று எழுதினார். அதைப் படித்தவர் பலர், ‘அப்படியாயின் பள்ளி செய்யக்கூடியது ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டினர். இந்நாட்டிலும் அதுவே நேர்ந்தது. ‘தோட்டத்துப் பிள்ளை, வீட்டில் வசதியில்லை’ என்னும் சொற்கள் எத்தனையோ ஆசிரியர் அறைகளில் விளக்கமாகத் தொடங்கி விடுதலைப் பத்திரமாக முடிந்தன. பின்னர் 1979-இல் மைக்கேல் ரட்டர் குழுவினர் லண்டன் நகரின் 12 இடைநிலைப் பள்ளிகளை ஆராய்ந்தபோது, ஒத்த பின்னணியுள்ள பிள்ளைகளும் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டுத் தேறுவதைக் கண்டனர். 1983-இல் ஹேனிமனும் லாக்ஸ்லியும் 29 நாடுகளின் கணக்கை ஒப்பிட்டு, ஏழை நாடுகளில் ஆசிரியரும் பள்ளியும் நல்லவையாக இருப்பதன் விளைவு செல்வ நாடுகளில் இருப்பதைக் காட்டிலும் பெரிது என்றனர். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே முழுப் புத்தகசாலை; ஆதலின் இம்முடிவில் வியப்பில்லை. கோல்மனை மேற்கோள் காட்டுவோர் இவ்விரு நூல்களையும் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

இரண்டாம் விடையை அளித்தவர் மலாயாப் பல்கலைக்கழகக் கல்வித்துறையில் பணியாற்றிய டாக்டர் டி. மாரிமுத்து. தென்கிழக்காசிய இந்தியச் சமூகங்களைப் பற்றி 1993-இல் கே. எஸ். சந்துவும் அ. மணியும் பதிப்பித்த பெருந்தொகுப்பில் அவர் எழுதிய கட்டுரை, தோட்டப் பள்ளியைச் சமூக மறு உற்பத்தியின் கருவி என்று தலைப்பிலேயே பெயரிடுகிறது. அதாவது, தொழிலாளியின் மகனைத் தொழிலாளியாகவே வார்த்தெடுக்கும் அச்சு என்பது பொருள். வரலாறு இக்கருத்துக்கு அரண் செய்கிறது. 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் குடியிருந்தால் தோட்ட உரிமையாளர் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி தோன்றிற்று, கல்வி தோன்றிற்றா என்பது வேறு. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியர் ஆனார். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டவரே பிறகு பள்ளியிலும் பெயர் கூப்பிட்டால், பிள்ளை பள்ளியைத் தோட்ட வேலையின் ஒரு பகுதியாகக் கருதாமல் வேறென்ன செய்யும்?

1923 முதல் 1960-கள் வரையிலான தோட்டப் பள்ளியை விளக்குவதில் மாரிமுத்துவின் கருத்துக்கு ஈடில்லை. ஆனால் அதனை இன்றைக்கும் அப்படியே சுமந்துவருவது பொருந்தாது. மறு உற்பத்தி என்றால், உற்பத்தியை வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கோல சிலாங்கூர் வட்டாரமே இதற்குச் சான்று. இந்நாட்டில் செம்பனையை வாணிகப் பயிராக முதன்முதலில் நட்டது 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில். 2007 முதல் அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. அவர் நட்ட பயிர் பின்னாளில் பால் மரங்களைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. செம்பனைக்குப் பால் மரத்துக்கு வேண்டிய அளவு ஆட்கள் வேண்டியதில்லை. வேண்டிய சிலரும் 1980-களிலிருந்து பெரிதும் வெளிநாட்டிலிருந்து வந்தனர். இடையில் படிப்பை விட்ட பிள்ளையைத் தோட்டம் மீண்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் தொழிற்சாலை வாயிலுக்கும் லாரி உதவியாளன் வேலைக்கும் போனான். சிலர் எங்கும் போகவில்லை. பழைய அச்சு இருக்கிறது, வாங்குவார் இல்லை. இதை விளக்க மாரிமுத்துவின் கருத்து மட்டும் போதாது.

மூன்றாம் விடையை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் எல்லாரும் கேட்பதுதான். பெற்றோருக்கு அக்கறையில்லை, அப்பன் குடிக்கிறான், பிள்ளை திரைப்படம் பார்க்கிறான். இப்போது திரைப்படத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்திருக்கிறது. அக்கறையில்லாத மக்களா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலைய வகுப்புகளுக்குத் தம் பிள்ளைகளை ஓய்வு நாளிலும் அனுப்பி வைத்தனர்? மேடைப் பேச்சாளர் இதனையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனி, மூன்று விடைகளும் காணாத இடம். முராட் அறிக்கையின் விடை வீட்டைப் பார்க்கிறது. மாரிமுத்து தோட்டத்தைப் பார்க்கிறார். மேடை தந்தையைப் பார்க்கிறது. தமிழ்ப்பள்ளியின் ஆறாம் வகுப்பிலிருந்து தேசிய இடைநிலைப் பள்ளியின் முதல் படிவத்துக்குள் பிள்ளை நுழையும் அந்தச் சில மாதங்களை எவரும் நின்று பார்க்கவில்லை. பிள்ளை பள்ளியை விட்டுப் போவது மூன்றாம் படிவத்திலோ நான்காம் படிவத்திலோ இருக்கலாம். ஆனால் போவதற்கான காரணம் பெரும்பாலும் இந்தத் துறையிலேயே உண்டாகிவிடுகிறது.

1964 வரை இத்துறையில் ஒரு கதவே இருந்தது. நுழைவுத் தேர்வில் தேறாதவருள் பெரும்பாலோருக்கு இடைநிலைப் பள்ளி இல்லை. 1965 முதல் கதவு அகற்றப்பட்டு, எல்லாரும் மூன்றாம் படிவம் வரை செல்லலாம் என்றாயிற்று. கதவு போயிற்றே தவிர வாயிற்படியின் உயரம் குறையவில்லை. முன்பு ஒரே நாளில் நின்றவர்கள் பிறகு மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாக நின்றனர்.

அந்த உயரம் எதனால் ஆனது? முதலில் மொழி. தோட்டப் பள்ளியில் ஒரு மாணவி பின்னக் கணக்கை நன்கு போடுகிறாள். தொகுதி, பகுதி என்றால் அவளுக்குத் தெரியும். இடைநிலைப் பள்ளியில் அதே கணக்கு ‘பெச்சாஹான்’ என்றும், தொகுதி ‘பெங்ஙாங்கா’ என்றும், பகுதி ‘பென்யெபுட்’ என்றும் வருகிறது. அவளுக்குத் தெரியாதது மூன்று சொற்கள். ஆசிரியர் குறித்துக்கொள்வதோ கணக்கில் பின்தங்கியவள் என்று. ஒளிச்சேர்க்கையும் புவியீர்ப்பும் இவ்வாறே. இதற்கு மருந்தாகப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டை வைத்தனர். கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1981-இல் காட்டிய உண்மையை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். புதுமொழியில் பேசிப் பழக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போதும். அம்மொழியில் பாடம் கற்கும் தேர்ச்சிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார் அவர். தமிழ்ப்பள்ளி மாணவர் முதல் வகுப்பிலிருந்தே மலாய் படிக்கிறாரே என்பர். படிப்பது உண்மை, ஆனால் ஒரு பாடமாகப் படிக்கிறார். மலாய்மொழியைக் கற்பது வேறு, மலாய்மொழியில் அறிவியல் கற்பது வேறு. புகுமுக வகுப்பை முடித்து வெளிவரும் மாணவன் திடலில் நன்றாக மலாய் பேசுவான். அதைக் கேட்டு ஆசிரியர் மொழித் தடை நீங்கிற்று என்று எண்ணுகிறார். வரலாற்று வினாவுக்கு இரண்டு பத்தி எழுதச் சொன்னால்தான் அது நீங்கவில்லை என்பது தெரியும்.

இதனால், தொடக்கத்திலேயே மலாய்ப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதே வழி என்போர் கம்மின்ஸைப் பாதிதான் படித்தவர். முதல்மொழியில் வேரூன்றிய வாசிப்பே இரண்டாம் மொழிக்குள் சென்று பயன்படும் என்பது அவருடைய மற்றப் பாதி. பின்னம் தெரிந்த மாணவிக்கு மூன்று சொற்கள் போதும். தெரியாதவளுக்குக் கணக்கையே தொடக்கத்திலிருந்து கற்பிக்க வேண்டும்.

அடுத்தது நேரம். இதனை எந்த ஆய்விலும் காண்பதரிது. பல இடைநிலைப் பள்ளிகளில் புகுமுக வகுப்பும் முதலிரு படிவங்களும் பிற்பகலில் நடந்துவந்தன. பால் மரம் வெட்டும் பெற்றோர் விடியுமுன் வெளிக்காட்டுக்குப் போய் நண்பகலுக்குப் பின் லயத்துக்குத் திரும்புவர். அதற்குள் பிள்ளை பேருந்து ஏறியிருப்பான். அவன் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். மறுநாள் விடியலுக்காகப் பெற்றோர் படுக்கப் போவர். காலை முழுவதும் அவன் லயத்தில் தனியே இருக்கிறான். பெண்ணாயின் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள். தாயும் தந்தையும் மகனும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் நாட்கணக்கில் முகம் பார்ப்பதில்லை. மேடையில் ‘அக்கறையின்மை’ என்று சொல்லப்பட்டதில் ஒரு பங்கு வெறும் கடிகாரத்தின் குற்றம்.

வகுப்புப் பிரிப்பும் உண்டு. மதிப்பெண் வரிசையில் பிரிவுகள் அமைத்தால் மொழி வராத பிள்ளை கடைசிப் பிரிவில் விழுவான். தோட்டப் பள்ளியில் வகுப்புக்கு எட்டுப்பேர் பத்துப்பேராக, தலைமையாசிரியர் தன் பாட்டனையும் அறிந்த நிலையில் படித்தவன், நாற்பதுபேர் நடுவே பெயரும் சரியாக உச்சரிக்கப்படாமல் அமர்கிறான். முதல் பருவத்தில் எவரும் அவனை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையென்றால் மூன்றாம் பருவத்தில் அவனே வருவதை நிறுத்திக்கொள்கிறான்.

தமிழ்ப்பள்ளியின் பங்கை மறைப்பதும் நேர்மையன்று. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். எஞ்சியவற்றுள் பல, 150-க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகள். இந்த அச்சத்தில், பள்ளியின் பெயரைக் காப்பதற்காக யு.பி.எஸ்.ஆர். தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ எடுக்கக்கூடிய நால்வரை எடுத்துவைத்துக்கொண்டு மாலை வகுப்பு, இரவு வகுப்பு என்று உழைத்தன பல பள்ளிகள். நால்வர் படம் நாளிதழில் வந்தது. பின்வரிசையில் இருந்தவன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலேயே ஆறாம் வகுப்பைக் கடந்து போனான். அத்தேர்வு 2021-இல் கைவிடப்பட்டதைப் பற்றிப் பலர் வருந்துகின்றனர். பின்வரிசையின் பக்கமிருந்து பார்த்தால் வருந்த அவ்வளவு காரணமில்லை.

இவை யாவும் வெளித்தெரியாமல் இருப்பதற்குக் கணக்கிடும் முறையும் ஒரு காரணம். ஒரு தோட்டத்தில் முதல் வகுப்பில் 40 பிள்ளைகள் சேர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் 20 பேர் எஸ்.பி.எம். எழுதி 15 பேர் தேறினால் தேர்ச்சி 75 விழுக்காடு என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கலாம். சேர்ந்த 40-ஐ வைத்துக் கணக்கிட்டால் அது 37.5 விழுக்காடு. தேர்வு மண்டபத்துக்கே வராத இருபதுபேர் எந்த விழுக்காட்டிலும் இல்லை. இந்த இரண்டாம் கணக்கைத்தான் உண்மையான நிறைவு விகிதம் என்று சொல்ல வேண்டும்.

2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நல்ல சட்டம், வரவேற்க வேண்டியது. ஆனால் சட்டம் பிள்ளையை இருக்கையில் அமர்த்தலாம். கரும்பலகையில் இருப்பது அவனுக்குப் புரிகிறதா என்று கேட்காது. 1965-இல் கதவை அகற்றியபோது நேர்ந்தது மீண்டும் நேரலாகாது.

ஆசிரியர்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன்னைவிட்டுச் சென்ற மாணவரை ஐந்தாம் படிவம் வரை பின்தொடரும் ஒரு பதிவேட்டை வைத்திருக்கலாம். இதற்கு அமைச்சின் சுற்றறிக்கை வேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருவர் முன்வந்தால் போதும். பெயர், ஆறாம் வகுப்பை முடித்த ஆண்டு, சேர்ந்த பள்ளி, புகுமுக வகுப்பா நேரே முதல் படிவமா, எந்தப் பிரிவு, காலையா பிற்பகலா, பேருந்து உண்டா, நின்றிருந்தால் எந்தப் படிவத்தில், எந்த மாதத்தில் என்று குறித்துவர வேண்டும். மாதத்தைத் தவறாமல் எழுதுவது தேவை. ஆண்டின் முதல் மாதங்களில் நிற்பவனை நிறுத்தியது புதிய வகுப்பறையாக இருக்கலாம். ஆண்டு நடுவில் நிற்பவனைப் பேருந்துக் கட்டணமோ வீட்டில் நேர்ந்த நோயோ நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் படிவத்தின் இறுதியில் நிற்பவன் வேலை தேடிப் போயிருக்கலாம். மூவருக்கும் தனித்தனியே செய்ய வேண்டியது உண்டு.