காய்களை எண்ணி விலை

கலிஃபோர்னியாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கொல்லையில் ஒரு எலுமிச்சை மரம் நிற்கிறது. போன வருடம் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதில் ஊறுகாய் போட்டாள். சில நாள் கழித்து ஜாடியைத் திறந்து ருசி பார்த்துவிட்டு, "ஏண்டா, இது எலுமிச்சையா ஆரஞ்சா? புளிப்பே காணோமே" என்றாள். அம்மா சொன்னதில் பாதி சரி. அதன் பெயர் மேயர் எலுமிச்சை. தோல் மெல்லிசு, புளிப்பு கம்மி, ஆரஞ்சின் சாயல் உண்டு.

யார் இந்த மேயர் என்று அம்மா ஊருக்குப் போன பிறகுதான் தேடினேன். இசபெல் ஷிப்லி கன்னிங்ஹாம் 1984இல் எழுதிய வாழ்க்கை வரலாறு அப்படித்தான் கைக்கு வந்தது. 'ஃபிராங்க் என். மேயர்: பிளாண்ட் ஹண்டர் இன் ஏஷியா.' நல்ல புத்தகம். ஆனால் அதன் தலைப்போடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றி. ஃப்ரான்ஸ் நிகோலாஸ் மேயர் 1875இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. சிறு வயதிலேயே அந்த ஊர்த் தாவரவியல் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து, ஹியூகோ டி ஃப்ரீஸ் என்ற புகழ்பெற்ற தாவரவியலாளரின் உதவியாளராக உயர்ந்தவர். 1901இல் அமெரிக்காவுக்கு வந்து ஃபிராங்க் ஆனார். வாஷிங்டன், கலிஃபோர்னியா, மெக்சிகோ, செயின்ட் லூயிஸ் என்று அலைந்தார், எங்கும் நிலைக்கவில்லை. சீனாவுக்கு அனுப்ப, செடிகளைத் தெரிந்த, சளைக்காமல் நடக்கக்கூடிய ஓர் ஆள் அமெரிக்க வேளாண் துறையில் இருந்த டேவிட் ஃபேர்சைல்டுக்குத் தேவைப்பட்டது. 1905இல் மேயர் கிளம்பினார்.

அடுத்த 13 வருடங்களில் நான்கு பயணங்கள். சீனா, மஞ்சூரியா, கொரியா, சைபீரியா, ரஷ்யத் துருக்கிஸ்தான். பெரும்பாலும் கால்நடை. சோயா, பெர்சிமன், சீன இலந்தை என்று அவர் அனுப்பியவை ஏறத்தாழ 2,500 இருக்கும். அமெரிக்காவின் செஸ்ட்நட் காடுகளை அழித்துக்கொண்டிருந்த பூஞ்சை நோய் சீனாவிலும் இருக்கிறது என்பதை 1913இல் கண்டு சொன்னவரும் இவர்தான்.

புத்தகத்தை முடித்துவிட்டு வேளாண் துறையின் பழைய பட்டியல்களைப் புரட்டினேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஒவ்வொரு விதைக்கும் ஒட்டுக்குச்சிக்கும் ஒரு எண், கிடைத்த ஊர், அனுப்பியவர் பெயர், சின்னக் குறிப்பு. நாங்கள் கோடு எழுதும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண்ணும் ஒரு வரி விளக்கமும் போடுவோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. என் கொல்லை எலுமிச்சையின் எண் 23028. பீகிங்குக்குப் பக்கத்தில் ஃபெங்தாய் என்ற ஊரில் 1908இல் கிடைத்தது. சீனர்கள் அதை அழகுக்காகத் தொட்டியில் வளர்த்தார்கள், ஒரு செடியில் எத்தனை காய் தொங்குகிறதோ அதை வைத்து விலை சொன்னார்கள்.

தலைப்போடு என் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. 23028 காட்டில் வேட்டையாடிப் பிடித்தது இல்லை, யாரோ தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. மேயர் அனுப்பியவற்றில் கணிசமானவை இப்படித் தோட்டத்திலும் வயலிலும் சந்தையிலும் கிடைத்தவை, அதாவது தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் பொறுக்கியெடுத்துச் செம்மைப்படுத்தியவை. 1911இல் அவரே எழுதிய அரசு அறிக்கையின் தலைப்பிலேயே சீனாவின் 'பழ, கொட்டைத் தோப்புகள்' என்று தெளிவாக இருக்கிறது. தோப்பு என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் இல்லையா? மேயர் இறந்ததும் ஃபேர்சைல்ட் 1919இல் எழுதிய கட்டுரைக்கு 'எ ஹண்டர் ஆஃப் பிளாண்ட்ஸ்' என்று தலைப்பு வைத்தார். 65 வருடம் கழித்து கன்னிங்ஹாமும் அதே சொல்லையே எடுத்துக்கொள்கிறார். வேட்டைக்காரர் என்று சொன்ன மாத்திரத்தில் தோப்புக்காரர் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார். பட்டியலிலும் அவருக்கு இடமில்லை. ஊரின் பெயர் இருக்கிறது, அனுப்பியவரின் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபேர்சைல்டின் அலுவலகம் ஒரு மாத இதழ் நடத்தியது. அதன் பெயர் 'பிளாண்ட் இமிகிரண்ட்ஸ்', தாவரக் குடியேறிகள். வந்த செடி எங்கே பிடித்தது, என்ன பலன் தந்தது என்பதுதான் அவர்களுடைய கவலை. செடியை அப்படிப் பார்ப்பதில் தப்பில்லை. அந்த அளவுகோலை மேயர் மேலேயே வைக்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. அவரைப் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் அமெரிக்கா இவரால் என்ன பெற்றது என்ற கணக்கில் வந்து நிற்கிறது. கன்னிங்ஹாமும் அந்தக் கணக்கிலிருந்து முழுதாகத் தப்பவில்லை.

இது என்னைத் தைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விசா நீட்டிப்புக்கு ஒவ்வொரு தடவையும் என்னைப் பற்றி ஒரு கடிதம் தயாராகும். இந்த ஆள் என்ன செய்கிறான், இவனை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கும். குறிப்புகளை நானேதான் எழுதிக் கொடுப்பேன். காய்களை எண்ணிச் சொல்கிற வேலைதான் அது.

அந்த எண்ணிக்கையும் ஒரே மாதிரி நிற்பதில்லை. மேயர் எலுமிச்சை மரங்கள் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் டிரிஸ்டெசா என்ற வைரஸைச் சுமக்கின்றன என்று 1940களில் தெரியவந்தது. மற்ற எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு அது எமன். வைரஸ் இல்லாத வகை 1975இல் வெளியானது, இன்று விற்பது அதுதான். கருகல் நோயைத் தாங்கும் வேர்ச்செடிக்காக மேயர் ஒரு சீனக் காட்டுப் பேரியின் விதைகளைச் சேகரித்து அனுப்பினார். அவர் இறந்த பிறகும் அந்த விதைகள் சீனாவிலிருந்து வந்தன. அந்த இனத்திலிருந்து பிராட்ஃபோர்ட் பேரி என்ற அழகுமரம் உருவானது. இன்று அந்த இனம் கண்ட இடத்திலெல்லாம் முளைத்துப் பரவுகிறது என்று ஒஹாயோ மாநிலம் 2023இல் அதன் விற்பனைக்கே தடை போட்டது. எலுமிச்சைக்காக மேயரைக் கொண்டாடினால் பேரிக்காகத் திட்டவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும் அந்த மனிதர் யார் என்று தெரியப்போவதில்லை.

அது தெரிவது கடிதங்களில். கன்னிங்ஹாமின் பெரிய பலம் அவர் கடிதங்களைப் பேசவிடுவதுதான். சீன மொழி பேசத் தெரியாமல், மொழிபெயர்ப்பாளரை நம்பி, மாதக்கணக்கில் தனியாக நடந்த மனிதர் மெல்ல மெல்லச் சோர்ந்துபோவதை அவற்றில் பார்க்கலாம். கடைசிப் பயணத்தில் சீன உள்நாட்டுச் சண்டையால் யாங்சி நதிக்கரையில் முடங்கிக் கிடக்கிறார், ஐரோப்பாவில் உலகப்போர் நடக்கிறது. 1918 ஜூன் முதல் தேதி ஹாங்கோவிலிருந்து ஷாங்காய் போகும் கப்பலிலிருந்து காணாமல் போனார். சில நாள் கழித்து ஆற்றில் உடல் கிடைத்தது. வயது 42. விழுந்தாரா, குதித்தாரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அனுப்பிய செடிகள் எங்கெங்கோ வேர் பிடித்தன, அவரை ஷாங்காயில் புதைத்தார்கள்.

அலுவலகச் சகாக்களுக்கு ஆயிரம் டாலர் உயில் எழுதி வைத்திருந்தார். அவர்கள் அந்தப் பணத்தில் மேயர் பெயரில் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள், செடிகளை அறிமுகம் செய்பவர்களுக்கு. நல்ல காரியம்தான். ஆனாலும் அந்தப் பணத்தில் எனக்குத் தெரிவது, கூட வேலை பார்த்தவர்களைத் தவிர எழுதி வைக்க வேறு பெரிய உறவு வட்டம் இல்லாத ஒருவரின் தனிமை.

படிப்பவர்கள் கடிதங்களுக்காகப் படியுங்கள், தலைப்பை மறந்துவிடுங்கள். அடுத்த மாதம் என் கடிதத்துக்கு மறுபடி குறிப்பு எழுத வேண்டும். எழுதுவேன், வேறு வழியில்லை. அது விலைச்சீட்டு என்ற ஞாபகம் மட்டும் இருந்தால் போதும்.