துளையா, திருகா?

கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் ஒரு குடும்பம் வீட்டு உபயோகத்துக்கு மின்கருவி ஒன்றே ஒன்று வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் சேத்தியாத்தோப்பு, கொஞ்சம் தள்ளி வடலூர், நெய்வேலி. எந்தக் கடையில் கேட்டாலும் டிரில் மெஷினை எடுத்து வைப்பார்கள். வீட்டுப் பையன் மட்டும் கைபேசியில் வீடியோ பார்த்துவிட்டு, "அது பழசுப்பா, இம்பாக்ட் டிரைவர்தான் இப்போ" என்பான். கேட்க வேண்டிய வாதம்தான். ஆனால் அது எந்த ஊர் வீட்டைப் பார்த்துப் பிறந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலான தனி வீடுகள் மரச்சட்டத்தில் நிற்கின்றன. சுவர், தரை, கூரை எல்லாமே மரத்தோடு மரம் சேர்த்து முடுக்கியவை. நீள நீளமான ஸ்க்ரூவை நாள் முழுக்க இறக்குகிறவனுக்கு இம்பாக்ட் டிரைவர் வரப்பிரசாதம். உள்ளே சின்னச் சுத்தி ஒன்று சுற்றுகிறது. ஸ்க்ரூ இறுகி எதிர்க்கத் தொடங்கியதும் அந்தச் சுத்தி ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கி, திரும்பப் பாய்ந்து, சுழலும் திசையிலேயே அடிக்கிறது. 18 வோல்ட் கருவியில் நிமிடத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல். அடி சுழற்சியில் விழுவதால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்வதில்லை, ஸ்டார் ஸ்க்ரூவின் தலையிலிருந்து பிட் நழுவுவதும் குறைகிறது. சாதாரண டிரில்லால் நாலு அங்குல ஸ்க்ரூவை முடுக்கிப் பார்த்தவருக்கு இந்த அருமை புரியும்.

கடைக்காரர் எடுத்து வைக்கும் இம்பாக்ட் டிரில்லும் அடிக்கிறது. ஆனால் அடி விழும் திசை வேறு. பற்கள் கொண்ட இரண்டு வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்க, பிட் முன்னும் பின்னும் தட்டுகிறது. சுற்றுக்குப் பதினாறு பல், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் 48,000 தட்டல். ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனாலும் செங்கல்லையும் சிமென்ட் பூச்சையும் பொடியாக்குவது முன்னோக்கி விழும் இந்தத் தட்டல்தான். பக்கவாட்டில் எவ்வளவு பலமாக அடித்தாலும் கல் அசைந்து கொடுக்காது. டிரைவரில் மாட்டுவதற்கென்றே அறுகோணத் தண்டு வைத்த கான்கிரீட் பிட்டுகள் கிடைக்கின்றன. செங்கல்லில் சமாளிக்கும். ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் லிண்டலில் வைத்தால் சத்தம்தான் மிஞ்சும், பிட்டின் முனையும் தெறிக்கும்.

இனி நம் வீட்டைப் பார்க்கலாம். 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. கிராமத்து வீட்டில் இந்தக் கருவிகளுக்கு என்ன வேலை என்று மதிப்பிட இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. பெரிய பங்கு கல்லும் சிமென்ட்டும், சின்னப் பங்கு ஷீட். கதவு, ஜன்னல், அலமாரிப் பலகை நீங்கலாக மரம் கிடையாது.

அந்தப் பெரிய பங்கில் வருஷம் முழுக்க வருகிற வேலை என்ன? திரைச்சீலைக் கம்பி, சாமி படம், டிவி ஸ்டாண்ட், பாத்திர ஸ்டாண்ட், டியூப்லைட் பட்டி, தண்ணீர்க் குழாய்க்கு கிளாம்ப். எல்லாம் ஒரே வகை. 6 மில்லிமீட்டரில் ஓட்டை, அதில் பிளாஸ்டிக் கட்டை, பிறகு ஸ்க்ரூ. கடினம் ஓட்டையில்தான். ஸ்க்ரூவைக் கையாலேயே முடுக்கிவிடலாம், அதுதான் நல்லதும்கூட. கட்டை பிடித்துக்கொண்டதா, உள்ளே சும்மா சுற்றுகிறதா என்பது கைக்குத்தான் தெரியும். டிரைவரால் முடுக்கினால் பூச்சுக்குள் கட்டை சுழன்று ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு தீக்குச்சியை ஒடித்துச் செருக வேண்டியதுதான்.

டிரில்லையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியாது. நெய்வேலிச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல், சூளைச் செங்கல், ஹாலோ பிளாக் மூன்றும் மூன்று விதம். ஹாலோ பிளாக்கில் தட்டலைப் போட்டால் மெல்லிய ஓடு உட்பக்கமாக உடைந்து, கட்டைக்குப் பிடிமானமே இருக்காது. தட்டலை நிறுத்திவிட்டுச் சுழலவிட்டு மட்டும் துளைக்க வேண்டும். கான்கிரீட் தூணிலோ தளத்திலோ ஜல்லியில் முட்டினால் இம்பாக்ட் டிரில்லும் திணறும். அங்கே காற்றழுத்தப் பிஸ்டனால் அடிக்கும் ரோட்டரி ஹேமர் வேண்டும். வீட்டுக்கு அதை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, நாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

அந்த 60 சதுர அடி ஷீட்டில்தான் டிரைவரின் கட்சி பலமாக நிற்கிறது. மாட்டுக்கொட்டகை, சமையல் சாய்ப்பு, வாசல் தாழ்வாரம் எல்லாம் இரும்புக் குழாயில் கலர் ஷீட் போட்டவை. தானாகத் துளைத்து இறங்கும் செல்ஃப் ஸ்க்ரூவை டிரைவர் நொடியில் இறக்கிவிடும். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். அந்த ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. மழைநீரைத் தடுப்பது அதுதான். லேசாக அமுங்கி, விளிம்பு மட்டும் தெரியும் அளவில் நிறுத்த வேண்டும். டிரைவருக்கு அந்த நிதானம் கிடையாது. கை எடுப்பதற்குள் இரண்டு அடி கூட விழுந்து ரப்பர் பிதுங்கிவிடும், அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் ஒழுகும். கூரை ஸ்க்ரூவுக்கு இம்பாக்ட் டிரைவர் வேண்டாம், முடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் கருவியே வேண்டும் என்பதுதான் அந்த ஸ்க்ரூ செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. ஆக, தன் சொந்தக் களத்திலேயே டிரைவர் முழு மதிப்பெண் வாங்கவில்லை. வயர் டிரில்லும் இங்கே பெரிதாக ஜெயிக்கவில்லை, அதற்கு கிளட்ச் இல்லை. விசையை மெல்ல அழுத்தும் கைப்பழக்கம் ஒன்றுதான் வழி.

இந்த ஊருக்கென்று இன்னொரு வாதம் உண்டு. 2023 ஜூலை 26 அன்று நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் இயந்திரங்கள் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல்வயலுக்குள் இறங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நிறுவனத்தின் இரண்டாம் சுரங்கம் விரிகிற திசையில் இருக்கும் வீட்டுக்காரர், எதைச் சுவரில் பதிப்பது, எதைக் கழற்றி எடுத்துப் போகும்படி மாட்டுவது என்று யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. துருவேறிய போல்ட்டைக் கழற்றுவதில் டிரைவருக்கு இணை டிரில் ஆகாது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டைக் கழற்றுவது வாழ்நாளில் ஒருமுறை வருகிற வேலை. அதற்காகத் தினசரி வேலைக்கு உதவாத கருவியை வாங்கி வைப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. அன்றைக்கு வெல்டர் வருவார், அவரிடம் அது இருக்கும்.

புயல் என்றும் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் கூரைகள் பறந்தன, மின்சாரம் இல்லாமல் எத்தனையோ ஊர்கள் இருட்டில் கிடந்தன. பேட்டரிக் கருவி இருந்தால் மறுநாளே ஷீட்டை மாட்டலாமே? உண்மைதான். ஆனால் இது பேட்டரிக்கான வாதம், டிரைவருக்கான வாதம் அல்ல. தட்டலும் கிளட்ச்சும் உள்ள பேட்டரி டிரில் அதே வேலையைச் செய்யும், சுவரையும் துளைக்கும். சார்ஜ் ஏற்றி வைத்திருந்தால்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு நாலு தடவை எடுக்கிற கருவியின் பேட்டரி எந்த நிலையில் கிடக்கும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

பெட்டியில் அச்சடித்த எண்களும் பலரை மயக்குகின்றன. டிரைவரில் 180 நியூட்டன் மீட்டர், பேட்டரி டிரில்லில் 50 என்று இருந்தால் மூன்றரை மடங்கு பலம் என்று தோன்றும். டிரைவரின் எண் ஒவ்வொரு அடியின் உச்சத்தைச் சொல்கிறது, டிரில்லின் எண் விடாமல் முறுக்கும் விசையைச் சொல்கிறது. அளந்த முறை வேறு என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

விலையிலும் டிரில்லுக்கே சாதகம். பெயருள்ள கம்பெனியின் 600 வாட் வயர் டிரில் மூவாயிரம் ரூபாய் அளவில் வந்துவிடும். பேட்டரி, சார்ஜரோடு நல்ல டிரைவர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மின்சாரச் செலவு பேசவே வேண்டாம். ஒரு மணி நேரம் முழுசாக ஓடினாலும் 0.6 யூனிட், வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். பக்கத்துப் பள்ளத்தில் வெட்டிய நிலக்கரியில் வந்த கரண்ட்டுக்கு இந்தச் சலுகையாவது இருக்கட்டும்.

எனவே முதல் கருவி, 13 மில்லிமீட்டர் சக் உள்ள வயர் இம்பாக்ட் டிரில். விசைக்கேற்ப வேகம் மாற வேண்டும், பின்னோக்கிச் சுழல வேண்டும், தட்டலைத் தனியே நிறுத்த முடிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாத மலிவு மாடலை வாங்க வேண்டாம். மர வேலையோ ஷீட் வேலையோ தொழிலாகச் செய்பவருக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது, அவர் டிரைவரையே வாங்கட்டும். பண்ருட்டிப் பலாவில் கட்டில் செய்கிறவருக்கும் முதலில் துளை போட டிரில் வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். மிச்சமாகும் பணத்தில் 6, 8 மில்லிமீட்டர் கான்கிரீட் பிட் தரமானதாக இரண்டிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கருவியோடு இலவசமாக வரும் பிட்டின் முனை முதல் லிண்டலிலேயே மழுங்கிவிடும்.